தலைவர் கூறு போட்ட லெப்டொப்புகள்

கணினி ஓடாமல் விழுந்துவிட்டால் திரை முழுக்க நீலமாகி, மூலையில் ஒரு வாடிய முகம் வரும். இரண்டு புள்ளி, ஒரு வளைவு, அவ்வளவுதான். தினமும் அதைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். எனக்கு அது பழகிப்போன முகம். தலைவர் அன்றுதான் அதை முதல் தடவை பார்த்தார். ஹட்டனில் நான் வேலை செய்யும் கணினிக் கடையின் மேசைமேல், மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு லெப்டொப் அந்த முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, இது எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு? பூசையெல்லாம் ஒழுங்காத்தான போட்டோம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு இன்னும் சிரிக்க முடிந்தது.

தலைவர் என்றால் மேடையில் பேசுகிற தலைவர் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்த் தொழிலாளருக்காகப் பேசவும், அவர்கள் குடியிருக்கும் லயத்தில் சண்டை வந்தால் விலக்கவும், கோயில் காரியத்துக்கு முன்னால் நிற்கவும் ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலும் ஓர் ஆள் இருப்பார். அவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த தோட்டம் என்பதால் திருவிழாவுக்குத் திருவிழா போய் இவரைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் பெரிய ஆள் கிடையாது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடும். ஆனால் கூறு போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோயிலில் கெடா வெட்டினால் இறைச்சியை இலைகளில் பங்கு வைப்பது அவர்தான். எலும்பு, ஈரல், கொழுப்பு என்று எல்லாம் எல்லாக் கூறிலும் விழுந்திருக்கும். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். ஒருவர் ஒரு கூறைக் குச்சியால் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார், தலைவர் திரும்பாமலே ஒரு வீட்டின் பேரைச் சொல்வார். எது யாருக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாது. அவர் போட்ட கூறைத் தூக்கிப் பார்த்து முனகியவர்களை நான் கண்டதில்லை.

அந்தத் தோட்டம் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவு. தண்ணீர்க் குழாயிலிருந்து திருவிழாப் பந்தல்வரை எல்லாவற்றிலும் இழுபறி. தலைவர் மேல்கணக்கில் பிறந்தவர். அப்படியிருந்தும் கீழ்கணக்கும் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டிருந்தது என்றால், அது இந்தக் கூறு போடும் கைக்காகத்தான். 'இவர் கையால் வந்தால் சரியாக வரும்' என்ற அந்த ஒரு பேர்தான் அவருடைய சொத்து. வேறு எதுவும் அவரிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில் ஒரு கம்பனி தன் பழைய லெப்டொப்புகளை மாற்றப்போகிறது என்று, அங்கே வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் மூலம் அவருக்குச் செய்தி வந்தது. நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, உயர்தர வகுப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மட்டும் எண்கள் வேறு வேறாக இருந்தன. தலைவருக்கு உடனே பயம் பிடித்துக்கொண்டது. 'உனக்கு எந்த நம்பர், எனக்கு எந்த நம்பர்' என்று தொடங்கினால் இரண்டு கணக்கும் வெட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, ஒவ்வொரு ஸ்டிக்கரையும் நகத்தால் உரித்து அடுப்பில் போட்டுவிட்டார். பிறகு லெப்டொப்புகளைக் கோயிலில் வரிசையாக வைத்து, பொட்டு வைத்து, சுவரைப் பார்த்து நின்று பேர் சொன்னார். இறைச்சிக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்தார். பேர் எழுதிய தாளை மூடிகளில் ஒட்டிய பிறகுதான் வேனில் ஏற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

"கடைக்கு மொதல்ல குடுத்திருந்தா, நல்லதப் பொறுக்கிட்டு மிச்சத்தக் குடுத்தோம்னு சொல்லுவாங்க புள்ள. இப்ப யாரும் வாயத் தொறக்க முடியாது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

என் வேலை எளிதானது. ஒரு லெப்டொப்பில் எல்லாவற்றையும் நிறுவ வேண்டும்: தமிழ் எழுத்து, பாடங்கள், பழைய வினாத்தாள்கள். பிறகு எல்லாம் பதிந்திருக்கும் அதன் வட்டை, ஹார்ட் டிஸ்க்கை, அப்படியே அச்சு எடுத்து மற்றவற்றில் இறக்கிவிட வேண்டும். இமேஜ் போடுவது என்போம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தலைவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஒரே மாதிரிதான் இறக்கினேன். முக்கால்வாசி லெப்டொப்புகள் மணி மணியாக ஓடின. மிச்சமெல்லாம் எழுந்திருக்கும்போதே நீலமாகி விழுந்தன.

காரணம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது; பிடிபட்டு என்ன பயன்? வெளியே ஒரே மாதிரி இருந்தாலும், விழுந்தவற்றின் உள்ளே பலகை, மதர்போர்ட் என்பது, வேறு. வட்டோடு அவை பேசும் முறை வேறு. நான் எடுத்த அச்சுக்கு அந்தப் பேச்சு தெரியாது. உள்ளே போய் ஓர் அமைப்பை, செட்டிங் என்போமே, அதை மாற்றினால் சரியாகிவிடும். அந்த இடத்துக்குத்தான் கம்பனி கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது. கொழும்புக்குப் பேசினோம், பூட்டியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாராம், கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. தயாரித்த நிறுவனத்தைக் கேட்டோம்; அடியில் இருக்கும் ஸ்டிக்கரின் எண்ணைச் சொன்னால் திறக்க வழி சொல்கிறோம் என்றார்கள். அந்த எண் பலகையிலும் பதிந்திருக்க வேண்டும். இவற்றில் எப்போதோ பலகை மாற்றியிருக்கிறார்கள், அந்த இடம் வெறுமையாக இருந்தது. எண் இருந்த ஒரே இடம் ஸ்டிக்கர். அதுதான் அடுப்பில் போய்விட்டதே.

பூட்டைத் திறக்காமல் வேறு வழி தேடினேன். வட்டோடு பேசுவதற்கென்று டிரைவர் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. கிடைத்த டிரைவரையெல்லாம் அச்சுக்குள் திணித்துப் பார்த்தேன். ஒன்று எழவே விடவில்லை. இன்னொன்று எழுந்து, ஓடி, என்னை நம்பவைத்து, பெரிய கோப்பு ஒன்றை எழுதும்போது பாதியில் விழுத்தியது, எழுதியதும் போய்விட்டது. வேறொன்று காலையில் ஓடி மத்தியானம் விழுந்தது. ஓடாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஓடுகிற மாதிரி ஓடி விழுவதைத்தான் தாங்க முடியாது. நானா என்று நாங்கள் கூப்பிடும் கடை முதலாளி நல்ல மனிதர், அவசரப்படுத்தமாட்டார். அவரே ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "புள்ள, கை கால் இருந்தா இது உன்னக் கும்புட்டு ஓடிப்போயிருக்கும். உட்டுரு" என்றார். விட மனமில்லாமல் இன்னும் சில நாட்கள் முட்டிக்கொண்டேன்.

இதற்கிடையில் தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. விழுந்தவை எல்லாம் யார் பேரில் இருந்தன என்று பார்த்தால், ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே கீழ்கணக்கு. சுவரைப் பார்த்து நின்று சொன்ன பேர்கள் அப்படி விழுந்திருந்தன. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

தலைவர் கேட்டுக்கொண்டதால் கோயில் மண்டபத்துக்குப் போய் நானே விளக்கினேன். ஒரே அளவில் சட்டை தைத்து எல்லாருக்கும் போட்டேன், சிலருக்குக் கை நுழையவில்லை, உள்ளே இருக்கும் உடம்பு வெளியே தெரியாது என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கீழ்கணக்கில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா எழுந்தார். அவருடைய மூத்த மகளின் பேர் ஒட்டிய லெப்டொப் எழவே எழாத ரகம்.

"அளவு எழுதுன ஸ்டிக்கரு இருந்திச்சுதானங்க? எதுக்குத் தலைவரே அத உரிச்சீங்க?"

"எல்லாருக்கும் ஒன்னாப் போகணும்னுதாம்மா."

"ஒன்னாப் போகலையேங்க."

தலைவருக்கு இருமல் வந்துவிட்டது. மறுபடியும் கூறு போடலாம் என்றார். ஓடுவதை வைத்திருந்தவர்கள், சாமி முன்னால் விழுந்ததை மாற்றக்கூடாது என்றார்கள். ஓடாததை வைத்திருந்தவர்கள், திரும்பவும் அவரே போடுவதா என்றார்கள். என்னை ஒருவர் பார்த்த பார்வையிலேயே, 'இவளுடைய அக்கா மேல்கணக்குதானே' என்பது எழுதியிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

சில நாள் கழித்து, தூறலில் நனைந்துகொண்டே தலைவர் கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஓடாதத ஓட வைக்க முடியாது. அது சரி. ஓடுறத நிப்பாட்ட முடியுமா புள்ள?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. "முடியுங்க" என்றேன்.

"ரொம்ப நேரமாகுமா?"

"ஒரு டீ குடிக்கிற நேரங்க."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "கெடுக்கிறதுன்னா மட்டும் எல்லாத்துக்கும் ஒன்னா முடியுது, என்னா?" என்றார். பிறகு, "நீ செய்யமாட்டன்னு தெரியும். கேட்டுப் பாக்கணும் போல இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் முகத்தில் இருந்தது மழையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கமாக அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. யாரும் அவரைத் தலைவர் இடத்திலிருந்து இறக்கவில்லை. அவரிடம் வந்து கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். துரையிடம் போகவும் பிணக்குத் தீர்க்கவும் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கொத்மலையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று என் அக்கா சொன்னாள்.

போன மாதம் அந்தக் கீழ்கணக்கு அக்கா கடைக்கு வந்தார். மூத்த மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். இளையவள் இப்போது உயர்தரம். "எதுக்கும் ஒருக்காப் பாருங்க" என்று துணிப்பையிலிருந்து அந்த லெப்டொப்பை எடுத்து வைத்தார். நானா சமீபத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு கருவி தருவித்திருந்தார். பலகையிலுள்ள சிப்பைக் கௌவிப் பிடித்து, பூட்டையே அழித்துவிடும். அன்று அது இந்த ஊரில் யாரிடமும் இல்லை. பூட்டு போனதும் உள்ளே போய் அந்த ஓர் அமைப்பை மாற்றினேன். பழைய அச்சையே இறக்கினேன். எழுந்தது. பெரிய கோப்புகளை எழுதிப் பார்த்தேன், விழவில்லை. தலைவருக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எப்படி நினைத்தேனோ!

"ஓடுதா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "குடுத்துறாத புள்ள" என்றார். "இப்ப ஓடுச்சுன்னா அன்னைக்கும் ஓடியிருக்கும், நான்தான் ஓட விடலன்னு ஆயிரும். அது ஓடாமலே கெடந்தாத்தான் எனக்கு ஒரு சாட்சி."

லெப்டொப்பின் மூடியை மெல்ல மூடினேன். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இருமி ஓய்ந்த பிறகு, "படிக்கிற புள்ளைக்கிதான?" என்றார்.

"ஆமாங்க. சின்னவளுக்கு."

"அப்பக் குடுத்துரு."

சாயங்காலம் அந்த அக்கா வந்தார். மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டினேன். திரையில் தமிழ் எழுத்து வந்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டார். ஒரு மத்தியானம் என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் மாறியது.

"அப்ப இதுல ஒரு கோளாறும் இல்ல. அன்னைக்கே நல்ல பொட்டிதான்."

கருவியைக் காட்டினேன். அன்று இது இங்கே இல்லை, கடவுச்சொல் இருந்தது, பலகை வேறு என்று சட்டைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் லெப்டொப்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, எனக்குக் கை கூப்பினார். வாசலில் குடையை விரித்துவிட்டுத் திரும்பினார்.

"தலைவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டுங்க" என்றார். ஏமாற்றிவிட்டுப் போனவர்களைப் பற்றி அப்படிச் சொல்கிற குரல் ஒன்று உண்டு, அதில்தான் சொன்னார்.