புதுச் சாயத்துக்கு முதல் ரத்தம்

ஆந்திர எல்லையோரப் புத்தூரில், பேருந்து நிலையத்தின் பின்தெருவில், முதல் மாடியில் இருக்கிறது அந்த ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே புதிதாகச் சாயப் புட்டி திறக்கிற நாளெல்லாம் கோவர்த்தனனுக்குக் கொண்டாட்டம்தான்.

ரத்தத் துளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, அதன்மேல் ஊதாச் சாயத்தை ஊற்றினால்தான் அணுக்கள் மைக்ராஸ்கோப்பில் நிறம் பிடித்துத் தெரியும். புதுச் சாயத்தை நோயாளியின் ரத்தத்தில் சோதிக்கக் கூடாது. எது நோய், எது சாயத்தின் கோளாறு என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அதனால் நோயில்லாத ஒருவர் ரத்தத்தில் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஸ்லைடுக்குக் ‘கன்ட்ரோல்’ என்று பெயர். மனோரமா அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்ததிலிருந்து கன்ட்ரோல் எப்போதும் கோவர்த்தனன்தான்.

“குத்துக்கா,” என்று விரலை நீட்டுவான். “எங்க நைனா நூலுக்குச் சாயம் போடறாரு. நீ எனுக்கே போடற.”

நகரியில் விசைத்தறிக் குடும்பம் அவனுடையது. அப்பா தனசேகர் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். தறிச் சத்தம் மண்டைக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லி, பையன் வெளியே வேலை தேடி வந்துவிட்டான். காலையில் பைக்கில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவான். மத்தியானம் சந்தேகமான ஸ்லைடுகளை மரப்பெட்டியில் அடுக்கி, ரயிலில் திருப்பதிக்குக் கொண்டுபோவான். அங்கேதான் டாக்டரம்மா அவற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மனோரமா பார்க்கலாம், எண்ணலாம். நோயின் பெயரைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

மனோரமாவுக்குச் சொந்த ஊர் கார்வேட்டிநகரம். கணவர் நாயுடுபேட்டையில் கம்பெனி வேலையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் அவள் டிபன் பாக்ஸுக்குப் பங்காளி கோவர்த்தனன்தான்.

“இன்னாக்கா, இன்னிக்கும் கீரையா? மாடா நானு?”

“துன்னு. ரத்தம் ஊறும். உன் ரத்தத்தை நம்பித்தான் இந்த லேபே நடக்குது.”

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. “ஒரு தபா என் ரத்தத்தை எனுக்கே காட்டேன்க்கா.”

“உன் ரத்தத்துல பாக்கறதுக்கு இன்னா கீது? ஒண்ணுமில்ல. அதனாலதான்டா உன்னைக் குத்தறேன்.”

ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு இப்படித்தான் முடியும். ஸ்லைடு பழைய கன்ட்ரோல்கள் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போய்விடும்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, புதுச் சாயம் திறந்த நாளில், அவன் மாடிப்படி ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னாடா, இதுக்கே மூச்சு வாங்குது?”

“நீ ஒக்காந்துக்கினு பேசற. நான் தெனிக்கும் ரயில்ல நின்னுக்கினே போறேன். குத்து, டைம் ஆவுது.”

கையில் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. பைக் ஸ்டாண்டு பட்டது என்றான். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று போன வாரம் சொன்னபோது, பிரஷ்ஷை மாற்றச் சொல்லியிருந்தாள். அவன் விரலைத் துடைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

மனோரமா ஸ்லைடைச் சாயம் போட்டுக் காயவைத்து மைக்ராஸ்கோப்பின் மேடையில் செருகினாள். சிறிய லென்ஸில் ஆரம்பித்து, பிறகு ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு பெரிதாக்கும் லென்ஸைத் திருப்பி அதில் தோய்த்தாள். கண்ணாடியைவிட்டு வெளியே வரும் வெளிச்சம் நடுவில் காற்று இருந்தால் வளைந்து சிதறும். எண்ணெய் கண்ணாடியைப் போலவே நடந்துகொள்வதால், வெளிச்சம் சிதறாமல் லென்ஸுக்குள் போய்ச் சேரும்.

ஒரு பார்வைக்கு ஒன்றோ இரண்டோ வெள்ளணு தெரிய வேண்டிய இடத்தில் கூட்டமாக நின்றன. எல்லாம் பெரியவை. உள்ளே இடமே இல்லாமல் ஊதாக் கரு அடைத்துக்கொண்டிருந்தது.

‘சாயம் கெட்டுப்போச்சு’ என்றுதான் நினைத்தாள். விற்றவனைத் திட்டக்கூடச் செய்தாள். கன்ட்ரோல் தப்பாக இருக்கும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. மற்றவர்கள் ரத்தத்தையெல்லாம் அவள் அதை வைத்துத்தானே அளந்துகொண்டிருந்தாள்.

சாயத்தூள் படிந்திருந்தால் அது அணுக்களின் மேல் கிடக்கும். சின்னத் திருகை மயிரிழை திருப்பினால் தூள் தெளிவாகி அணு மங்கும். திருப்பினாள். எல்லாம் சேர்ந்தே தெளிந்தன, சேர்ந்தே மங்கின. தூள் இல்லை.

சரி, மைக்ராஸ்கோப்பில்தான் அழுக்கு. கண் வைக்கும் லென்ஸில் அழுக்கு இருந்தால், லென்ஸைச் சுழற்றும்போது அதுவும் சுழலும். சுழற்றினாள். அவை நின்ற இடத்தில் நின்றன. கீழே விளக்கின் வெளிச்சத்தைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்பும் கண்டன்சரை இறக்கி ஏற்றினாள். அங்கே தூசி இருந்தால் உருக்கலைந்து மறையும். மறையவில்லை. அதற்கடியில் இருக்கும் ஒளித்திரையைச் சுருக்கினாள். வெளிச்சம் குறைந்ததும் அணுக்களின் ஓரம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. எண்ணெய் லென்ஸைக் கழற்றி, லென்ஸ் தாளால் துடைத்து, மறுபடி மாட்டினாள். அதில் அழுக்கு இருந்தால் படம் முழுவதும் பனி மூடியதுபோல் இருக்கும். பனி இல்லை.

ஒன்றுதான் மிச்சம். மேடையின் திருகால் ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினாள். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஸ்லைடு வலப்பக்கம் போனால் படம் இடப்பக்கம் போகும். அத்தனை அணுக்களும் ஒன்றாக இடப்பக்கம் போயின. அவை ஸ்லைடில்தான் இருந்தன. அவன் ரத்தத்தில்தான் இருந்தன.

அப்போதும் விடவில்லை. அதே சாயத்தில் தன் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

செல்போனைக் கண் லென்ஸில் வைத்துப் படமெடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“எவரிதம்மா இதி, யாரோடது? ஸ்லைடு ஈரோஜே பம்பிஞ்சு. இன்னிக்கே வரணும். பேஷண்ட்டும் கூடவே வரட்டும், லேட் பண்ணாதே.”

“வருவாரு மேடம்,” என்றாள் மனோரமா. பெயரைச் சொல்லவில்லை.

ஸ்லைடும் நோயாளியும் தினம் ஒரே ரயிலில்தான் போகிறார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். பெட்டியை நீட்டினால் போதும். திருப்பதியில் டாக்டரம்மா சொல்லிக்கொள்வார், அது அவர் வேலை. மத்தியானம் வரை இதையேதான் மனோரமா தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல் என்று எழுதிய ஸ்லைடைப் பெட்டியின் கடைசியில் செருகினாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

கோவர்த்தனன் வந்தான். எப்போதும்போல் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடைசல் உண்டா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கடைசி ஸ்லைடு கையில் அப்படியே நின்றது.

“அக்கா, கன்ட்ரோலை மாத்தி வெச்சுட்டே. இது போவாதே.”

அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

“இது என்னுதாச்சே.”

ஆமாம் என்று தலையசைத்தாள். தெருவில், எலும்பு முறிந்து கையில் கட்டுப் போட்ட யாரோ ஒருவரை ஷேர் ஆட்டோவில் ஏற்ற நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்போ பாக்கறதுக்கு ஏதோ கீதுன்னு சொல்லு.”

“கோவர்த்தனா...” என்று ஸ்லைடை வாங்கக் கையை நீட்டினாள்.

“காட்டுக்கா.”

ஸ்லைடை மேடையில் வைத்து, எண்ணெய் விட்டு, அவனுக்காக நாற்காலியை நகர்த்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“பூவாட்டம் கீதுக்கா. இதுல எது கெட்டது?”

“பெருசா ஊதாவா இருக்குதே, அது.”

“அய்யய்யோ, எல்லாமே அதானே,” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “நைனாகிட்ட இப்ப சொல்லாதே. தறியைப் போட்டுட்டு ஓடியாந்துடுவாரு.”

மனோரமா லேபைப் பூட்டினாள். பகலில் அவள் அதைப் பூட்டியதே இல்லை. அன்று ரயிலில் பெட்டியை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

திருப்பதியில் சேர்த்தார்கள், அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். ஆடி பிறப்பதற்கு முன்பே நகரிக்கு உடலாகத்தான் வந்தான்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் தனசேகர் லேபுக்கு வந்தார். சாயம் ஏறிக் கறுத்திருந்த விரல்களைக் கோர்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்கப்பா.”

“எம்பையன் ரத்தம் இங்க கீதாமே. ஆஸ்பத்திரியில சொல்லிக்கினே இருந்தான். அக்கா எடுத்து வெச்சிருக்குதுன்னு.”

மனோரமா அட்டைப்பெட்டியைத் திறந்தாள். மாசி மாத ஸ்லைடு அதில் இல்லை; அது திருப்பதியிலேயே தங்கிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒன்றைத் தேடி எடுத்து மேடையில் வைத்தாள். அவர் கண்ணுக்கு ஏற்றபடி திருகைச் சரிசெய்து கொடுத்தாள்.

கிழவர் குனிந்தார். இளஞ்சிவப்பு வட்டங்கள், அவற்றிடையே ஊதாக் கருவோடு ஒரே ஒரு வெள்ளணு. வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“சாயம் நல்லா ஏறிக்கீதும்மா,” என்றார், கண்ணை எடுக்காமலே. “எங்கியும் திட்டு இல்ல.”