தம்பியிடம் சொல்ல வேண்டிய செய்தி

மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், செலண்டாரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அடிக்கடி வலது கையை நீட்டி, விரல்கள் நடுங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.

“அம்மா செத்தது மூளையில வர்ற பிரியான் வியாதியிலண்ணே. பரம்பரையா வருமாம், மருந்தும் கிடையாதாம். தம்பிக்கு அந்த மரபணு இருக்குன்னு போன மாசம் சொல்லிட்டாங்க. இன்னிக்கு என்னோட ரிசல்ட்டு.”

தாதி அழைத்ததும் உள்ளே போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு இல்லையாம் லா.”

மகிழ்ந்துபோய் அவர் கையைப் பற்றினேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

“தம்பிதான் கார்ல கூட்டிட்டு வந்தான். கீழ காத்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட இத எப்படிண்ணே சொல்றது?”

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, படிகளில் மெதுவாக இறங்கிப் போனார். அந்தக் காரில் முதலில் பேசியது யாராக இருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.