முதல் சொட்டு குண்டுவுக்கு

காலை ஏழு மணிக்கு டிரைவர் சுவரில் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் குண்டு. நீல மூடி போட்ட மருந்து பாட்டிலை நான் குலுக்கும் சத்தம் கேட்டதும் தன் வலது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடிப்பார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல விரலை எடுத்துவிடுவார். "மொதல்ல அதுக்குப் போடு. வாயில்லாத ஜீவன்" என்பார். நான் துண்டை விலக்கி முதல் சொட்டைக் குண்டுவின் கண்ணில் விடுவேன். அது தலையை உதறும். பாட்டிலின் மூக்கு அதன் மயிரில் உரசும். அடுத்த சொட்டு அவருக்கு.

குண்டு ஒரு கினி பன்றி. பேரில்தான் பன்றி. நீளக் காதும் வாலும் இல்லாத முயல்குட்டி மாதிரி, பாதி வெள்ளையும் பாதி காப்பி நிறமுமாக இருக்கும். நைனார்பாளையத்தில் எங்கள் தெருவில் அதை எல்லோரும் எலி என்றுதான் சொன்னார்கள். டிரைவரின் பேரன் கள்ளக்குறிச்சியில் மீனும் லவ்பேர்ட்சும் விற்கிற கடையில் அடம்பிடித்து வாங்கியது. மகள் குடும்பம் சென்னைக்குப் போனபோது, புது வீட்டுக்காரர் பிராணி கூடாது என்கிறார், ரெண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். டிரைவரோடு தங்க நான் அவர் அறைக்கு வந்தபோது அந்த ரெண்டு வாரம் ஒன்றரை வருஷமாகியிருந்தது. டிரைவரின் மனைவி இறந்து அதற்கும் மேல் ஆகியிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஈரோட்டில் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி, பெங்களூரில் சென்ட்ரிங் என்று எங்கும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. நாற்பதை நெருங்கும்போது கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரியில் லோடுமேனாகச் சேர்ந்தேன். அந்த லாரியின் டிரைவர் அவர். வெள்ளிமலை ரோட்டில் முழு லோடோடு இறங்கும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நடப்பவர் போல வளைவு வளைவாக இறக்குவார். அவருக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் பூவாய் விரிகிறது என்று ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். அதைக் கேள்விப்பட்ட முதலாளி அன்றே வேறு ஆளைப் போட்டார். "கண்ணு முகாமுக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கோங்க. வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லட்டும், கிழங்கு சீசனுக்கு வண்டி உங்களுதுதான்" என்றார். டிரைவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவரை என் பொறுப்பில் விட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனியக்கூடாது, ஒரு நாளைக்கு ஆறு வேளை சொட்டு. இடது கண்ணிலும் புரைதான். அந்த நாட்களில் அவருக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது.

அறையில் பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கொத்தமல்லித் தழை வந்துவிட்டது என்று குண்டு வீக் வீக்கென்று கத்தும். டிரைவர் உடனே காலை மடக்கிக்கொண்டு, "ஆரன் அடிக்குது பாரு. வழி வுடு, வழி வுடு" என்பார். ஆபரேஷனாகி நாலைந்து நாள் இருக்கும். கடையிலிருந்து வந்து பையைப் பிரித்தேன். சத்தமே இல்லை. அவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாடா, ஆரன் அடிக்கல?"

அது கிடக்கும் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். குண்டு மூலையில் சுருண்டிருந்தது. ஒரு கண் பாதி மூடி, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. முந்தின நாள் பெட்டியின் அடியில் விரித்திருந்த சாக்கு ஈரமாகிவிட்டதால், களத்தில் கிடந்த காய்ந்த சோளத்தட்டையை ஒடித்துப் போட்டவன் நான். அதன் முனை கண்ணில் குத்தியிருந்தது. சொன்னதும் டிரைவர் கையை நீட்டி அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினார். பிறகு, "எம் மருந்து இருக்குதே. அதுவும் கண்ணு மருந்துதான?" என்றார்.

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் கண்வலி வந்தால் ஒரு பாட்டில் தெருவையே சுற்றி வரும். மீந்த சொட்டு மருந்தை யாரும் எறிந்து நான் பார்த்ததில்லை. சாமிப்பட மாடத்தில் திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். எந்தக் கண் சிவந்தாலும் அதுதான் மருந்து. அப்படித்தான் ஆரம்பித்தது. குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாங்கண்ணா, எலிக்கும் கண்ணு ஆபரேஷனா? அதுக்கும் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி மாட்டுங்க, ரெண்டு பேரும் ஜோடியா டவுனுக்குப் போய் வரலாம்" என்று சிரித்தார். டிரைவரும் சிரித்தார். "லைசென்சு மட்டும் எனக்குத்தான்மா. அது ஆரன் மட்டும்தான் அடிக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் குண்டுவின் கண்ணில் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்தது. தழையைத் தொடவில்லை. ஒரு பழக்கூடையில் துணி விரித்து அதை வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். ஆடுகளுக்கும் ஒரு சினைமாட்டுக்கும் பின்னால் வரிசையில் நின்றேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். என் கூடையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வீக்கம் குறைய குடுக்கறது. கண்ணுல காயம் இருக்கும்போது போட்டா காயம் ஆறாது, புண்ணு இன்னும் ஜாஸ்தியாகும். இந்த பாட்டிலத் தூக்கிப் போட்டுடுங்க. இனிமே யாருக்குமே போடாதீங்க."

"சரிங்க" என்றேன். பாட்டிலைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று இத்தனை நாள் கழித்து நேராகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மறுபரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பாட்டிலை எறிந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், நாம் போட்ட சொட்டுதான் குண்டுவின் கண்ணைக் கெடுத்தது என்றும் சொல்ல வேண்டும். தன் மருந்தில் பாதியைக் கொடுத்த மனுஷரிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டிலின் மூக்கைச் சுடுதண்ணீரில் கழுவி, வேட்டி நுனியால் துடைத்தேன். போதும் என்று நினைத்தேன். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். "அதுக்கு வேற மருந்துன்னு எழுதிக் குடுத்தாங்கண்ணே" என்றேன். அது பொய்யில்லை. அதற்குமேல் இருந்ததைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து குண்டுவுக்குப் புது மருந்து, அவருக்குப் பழைய பாட்டில்.

அடுத்த ஐந்தாறு நாள் என் வாழ்நாளில் நான் ஓரிடத்தில் அசையாமல் இருந்த நாட்கள். கொதிக்கவைத்து ஆறிய உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிசின் மாதிரி ஒட்டிக்கொண்ட குண்டுவின் இமையை மெல்ல மெல்லப் பிரிப்பேன். அவசரப்பட்டால் மயிர் பிய்ந்துகொண்டு வரும். அருகம்புல்லையும் கொத்தமல்லியையும் அம்மியில் அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாக ஒரு துளி, அது மென்று விழுங்கியதும் இன்னொரு துளி. நேராக வாயில் பீச்சினால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டிரைவர் அதைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்திருப்பார். நானும் அவரும் முகத்தோடு முகம் அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருப்போம். எனக்கு அதற்குமுன் யாரோடும் அப்படி உட்கார்ந்த ஞாபகம் இல்லை. குண்டுவின் கண்ணில் இருந்த வெள்ளை ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் நான் பையை எடுத்தேன், பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு வீக். டிரைவர் துள்ளி எழுந்தே விட்டார். "கேட்டியாடா? வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி!"

அவர் முகம் என் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், மறுத்தார். நானே கழற்றினேன். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"எப்பலருந்துண்ணே?"

"தூசி வுழுந்திருக்கும்டா. மூணு நாளா உறுத்துது. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போவ. அவுங்க வண்டி ஓட்டாதன்னு எழுதிக் குடுத்துட்டா?"

நான் ஒன்றை மறைத்தேன், அவர் ஒன்றை மறைத்தார், ஒரே அறைக்குள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். குண்டுவைக் குழாயடி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம். அங்கே பெரிய டாக்டர் விளக்கைக் கண்ணில் பிடித்தபடி கேட்டார்: "இந்த மருந்த வேற யாருக்காவது போட்டீங்களா? வேற யார் கண்ணுலயாவது பட்டுச்சா?" நான் சுவரோரம் நின்றிருந்தேன். டிரைவர் முகவாயைக் கருவியில் வைத்தபடியே, "இல்லீங்க. எனக்கு மட்டும்தாங்க" என்றார்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். எட்டு நாள் வார்டில் இருந்தோம். புழு பூச்சி மாதிரி கிருமி உள்ளே போய்விட்டது, அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று நர்ஸம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முதலாளி போனில் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். கிழங்கு சீசன் தொடங்கி, புது டிரைவர் எங்கள் தெரு வழியாகவே வண்டியைக் கொண்டுபோனார். அதன் சத்தத்தை வைத்தே எத்தனையாவது கியர் என்று அறையில் இருந்தபடியே அவர் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு ஆள் வேண்டுமென்று தகவல் வந்ததும் பையைக் கட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "குண்டுக்கு ரெண்டு நாளைக்குத் தழை பறிச்சி வெச்சிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் நாலு ஊர் மாறிவிட்டேன். இப்போது மங்களூர்ப் பக்கம் ஒரு ஓட்டுச்சூளையில் காவல் இருக்கிறேன். இங்கே மழை அதிகம், மனுஷர்கள் கம்மி. போன மாதம் குழாயடி அக்காவின் நம்பர் மூலமாக அவருடைய நம்பரைப் பிடித்தேன். சின்னசேலம் பக்கம் கிழங்கில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையின் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாராம். உள்ளே வரும் லாரிகளுக்கு, பிறகு புரை எடுத்த இடது கண்ணால் சீட்டுப் பார்த்து விடுகிறாராம். மகள் நம்பர் மாறிவிட்டது, அவளே கூப்பிடுவாள் என்றார். குண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போயிடுச்சிடா, ஐப்பசி மழையில. வயசாயிடுச்சி. ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிஞ்சிக்கினேதான் போச்சி."

அப்போதுதான் சொன்னேன். டாக்டரம்மா எறியச் சொன்னதை, நான் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டதை, சுடுதண்ணீரில் கழுவியதை, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் ஒரு லாரி கேட்டைத் தாண்டிப் போனது.

"தெரியும்டா" என்றார்.

"எப்பலருந்துண்ணே?"

"அந்த டாக்டரு கேட்டாரே, வேற யாருக்குனா போட்டீங்களான்னு. அப்பவே."

"அப்ப ஏண்ணே இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லி இருந்தா நீ அங்கயே வேற பஸ்ஸு ஏறிப் போயிட்டிருப்ப. நான் எந்தக் கண்ண வெச்சிக்கினு வூட்டுக்கு வந்திருப்பேன்?"

அவர் சொன்னது சரி. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கையைப் பிடித்து அறைக்கு அழைத்துவந்தவன் நான்தான். அதன்பிறகு அங்கே நான் இருந்தது ஆறு நாள்.