வாண்டுக்கு ராத்திரி வேலை

கண்ணாடிக் கடையில் அவனுக்கு அரைக்கண்ணு என்று பேர். மகள் பிறந்த பிறகு ஒட்டிக்கொண்ட பேர் அது. அதற்கு முன்னால் மற்றவர்களைப் போல அவனுக்கும் இரண்டு கண்ணும் முழுசாகத்தான் திறந்துகொண்டிருந்தன. பேர் வைத்தவள், கடையின் முன்பக்க அறையில் விளக்கைக் குறைத்துவைத்து, வருகிறவர்களுக்குப் பவர் பார்க்கும் அக்கா. காலையில் கடை திறந்ததிலிருந்து "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா, இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். பதிலுக்கு அவன் அவளுக்கு எழுத்தக்கா என்று பேர் வைத்தான். கணக்கு நேராகிவிட்டது.

அவனுடைய இடம் பின்னறை. வட்டமாக வரும் லென்ஸை எடுத்து, எது மேல்பக்கம் என்று பார்த்து மையால் பொட்டு வைத்து, பிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைச் சாணை பிடித்து, பிரேமைச் சூடுகாட்டி உள்ளே பொருத்துவான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சேர்ந்தவன் அங்கேயே வேரோடிவிட்டான். தன் கையால் பார்வை தெளிந்தவர்கள் தெருவில் எதிரே வந்தால், முகத்தைப் பார்க்கமாட்டான், மூக்கின் மேலே பிரேம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் அதைத்தான் பார்த்தானாம். "என்னைப் பாத்தாரு, என் கண்ணாடியைக் கழட்டி வாங்கினாரு, அதோட காலை வளைச்சுச் சரி பண்ணிக் குடுத்தாரு. அப்புறம்தான் பேரே கேட்டாரு" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. முதல் வண்டிக்கு முன்னால் சன்னலைத் திறக்க வேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். மகள் பால்குடி மறந்ததும் அவனே வலியப் போய்ச் சொன்னான்: "இனிமே ராத்திரி என் பொறுப்பு. நீ நிம்மதியா தூங்கு."

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் அவனுக்கு நல்ல பேர் வேறு. மாடிவீட்டுப் பெண்மணி தன் புருஷனைத் திட்டும்போதெல்லாம் அவனைத்தான் உதாரணம் காட்டுவாள். அதைக் கேட்கிறபோது, இன்னொருத்தர் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி அவனுக்குக் கூசும்.

மகளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயதாகிவிட்டது. அந்த வயதில் மற்ற பிள்ளைகள் படுத்தால் காலையில்தான் எழுந்திருக்கும் என்கிறார்கள். வாண்டு அப்படியில்லை. தன் கட்டிலை விட்டு இறங்கி வருவாள். அவன் முகத்தைத் தடவுவாள்.

"அப்பா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்டா."

"சரி."

போய்விடுவாள். அவன் கண் செருகுகிற நேரமாகப் பார்த்து மறுபடி வருவாள். அதே கேள்வி. பால் கொடுத்துப் பார்த்தார்கள், பாலை நிறுத்திப் பார்த்தார்கள். சின்ன விளக்கு வாங்கினார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். மருத்துவர் பூச்சி மருந்து எழுதினார். பூச்சி போயிற்றோ என்னவோ, வாண்டு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள்.

இப்படித் துண்டு துண்டாகத் தூங்கிய தூக்கத்தில்தான் அவனுக்கு அந்தக் கனவு வரும்.

கனவு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் நடக்காது. ஒரு மாடியறை. ஒற்றைக் கட்டில், ஒரு சன்னல், தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர். கதவு சாத்தியிருக்கும். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். யாரும் வரமாட்டார்கள். யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும். அவ்வளவுதான். அந்த உட்கார்ந்திருத்தல் அவனுக்கு அத்தனை இனிப்பாக இருக்கும். கண் விழித்தால் முகத்துக்கு மேலே ஒரு சின்ன முகம். கல்லாவில் கைவைத்தவன் பிடிபட்டதுபோல அவனுக்கு நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும்.

காலையில் அவன்தான் அவளுக்குத் தலை பின்னுவான். ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அப்பா, உனக்குக் கனவு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல நான் வந்தேனா?"

சீப்பு அப்படியே நின்றது. "வந்தியே" என்று வாய் முந்திக்கொண்டது.

"வந்து என்ன பண்ணேன்?"

சொன்னால் ஆயிற்றா, ஜோடிக்க வேண்டாமா? யானை மேலே வந்தாய் என்றான். மறுநாளும் கேட்டாள். படகு ஓட்டி வந்தாய் என்றான். தினமும் தலை பின்னி முடிகிறவரைக்கும் ஒரு கனவு தேவைப்பட்டது. கனவில் இல்லாத பிள்ளையை இருப்பதாகச் சொல்லும் உறுத்தலில் அவன் கை தாராளமாகிவிட்டது. வெள்ளத்தில் போன அப்பாவை இழுத்துக் கரை சேர்த்தவள் அவள். கூரையில் மாட்டிக்கொண்ட அப்பாவுக்கு ஏணி கொண்டுவந்தவள் அவள். டிரைவர் ஓடிப்போன பேருந்தை ஓட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். வாண்டு ஒவ்வொன்றையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள். சிரிக்கமாட்டாள். அதை அவன் கவனித்திருக்க வேண்டும்.

ஒருநாள் கடைக்கு ஒரு தையற்காரப் பெண்மணி வந்தாள். முந்தின வாரம் கண்ணாடி வாங்கிப் போனவள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. புதுக்கண்ணாடி போட்டா தரை சாயுது. ஊசி ஒண்ணா ரெண்டான்னு தெரியல. என் கண்ணுதான் மோசமாயிடுச்சோ என்னமோ."

அவன் வாங்கிப் பார்த்தான். வலது கண்ணுக்கான லென்ஸ் இடதுபக்கம் இருந்தது. இடது, வலதுபக்கம். இத்தனை வருஷத்தில் அவன் செய்யாத தப்பு. அவள் தன் கண்ணையே குறைசொல்லிக்கொண்டு நின்றதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"உங்க கண்ணுல ஒண்ணுமில்லம்மா. என் கண்ணுதான்" என்றான்.

வேறு லென்ஸ் வெட்டிப் போட்டுக் கொடுத்து அனுப்பியபின் எழுத்தக்கா பின்னறைக்கு வந்தாள்.

"டேய் அரைக்கண்ணு, இனிமே உன்னை முழுக்குருடுன்னுதான் கூப்பிடணும்."

"கூப்பிட்டுக்கோக்கா."

"கோபத்தையும் காணோம். அப்போ நிஜமாவே முடியலதான்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மத்தியானத்துக்கு மேல டீ குடிக்காத. படுக்கையில போனை நோண்டாத. புள்ள படுக்கும்போதே நீயும் படு. ஒருநாள் விட்டு ஒருநாளாவது ராத்திரியை வீட்டுக்காரிகிட்ட விடு. அவ ஒண்ணும் தேஞ்சுபோயிட மாட்டா. ஆமா, கனவு கினவு வருதா?"

"ஏன்?"

"எனக்கு மனசுல ஏதாவது கெடந்தா கனவுல வந்து நிக்கும். எழுந்ததும் புரளாம அப்படியே கெடந்து, என்ன வந்துச்சுன்னு ஒருதரம் யோசிப்பேன். பாதி பாரம் எறங்கிடும்."

"எனக்கு ஒண்ணும் வராதுக்கா" என்றான். தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவள் சொன்னபடி செய்து பார்த்தான். டீயை நிறுத்தினான், தலைவலி வந்தது. விழித்ததும் புரளாமல் கிடந்து, அந்த மாடியறையை மனதுக்குள் சுற்றி வந்தான். கட்டிலுக்கடியில் ஒரு சின்னச் செருப்பாவது கிடக்காதா, சுவரில் ஒரு கிறுக்கலாவது இருக்காதா என்று தேடினான். சுவர் வெள்ளையாக இருந்தது. பிள்ளை அந்த அறையை விட்டுப் போனதாகக்கூட இல்லை. பிறக்கவே இல்லாத மாதிரி இருந்தது. அன்றைக்கு வாண்டுக்கு ரொம்பப் பெரிய கனவாகச் சொன்னான். மலையையே தோளில் சுமந்து வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மனைவிக்கு இன்னும் வேலை முடிந்திருக்காது. அவன் போனான்.

டீச்சர் வயதில் சின்னவள். அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சார், இவ தினமும் கிளாஸ்ல தூங்கிடறா. இன்னைக்கு வரைஞ்சுகிட்டு இருக்கும்போதே கலர் பென்சிலோட சாஞ்சுட்டா. ஏன்டா செல்லம் தூக்கம்னு கேட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு ராத்திரி வேலை இருக்கு மிஸ்ங்கறா."

"வேலையா?"

"அதான் நானும் கேட்டேன். வீட்டு வேலைன்னுட்டா. வேற யார்கிட்டயும் நான் இன்னும் சொல்லல. நீங்களே என்னன்னு சொல்லிட்டா..."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றான். அது தப்புச் செய்கிற அப்பாவும் சொல்கிற பதில் என்பது சொன்னபிறகு உறைத்தது. டீச்சர் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

வாண்டைக் கூட்டிக்கொண்டு நடந்தான். பூட்டியிருந்த ஒரு கடையின் படிக்கட்டு நிழலாக இருந்தது. அதில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான்.

"ராத்திரி உனக்கு என்னடா வேலை?"

"உன் கனவுக்கு வரணும்ல?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ தூங்கிட்டியான்னு பாக்கணும். தூங்கின உடனே வரணும். இல்லாட்டி வெள்ளத்துல போயிடுவல்ல." வாண்டு செருப்பு வாரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "நான் படுத்து வர்றதுக்குள்ள நீ முழிச்சிடற. அப்புறம் திரும்பி முதல்லேர்ந்து வரணும்."

"வந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா நீ சொல்றியே." பிறகு மெதுவாக, "மலை ரொம்ப கனம்ப்பா" என்றாள்.

தெருவில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் போய் மறைகிறவரைக்கும் அரைக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு பொய் கையருகிலேயே இருந்தது. இனிமேல் யானை உனக்குப் பதிலாக வரும், நீ தூங்கு என்று சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். தையற்காரம்மாவின் துணி சுற்றிய விரல் ஏனோ நினைவுக்கு வந்தது.

"வாண்டு, அப்பா பொய் சொன்னேன்டா. நீ கனவுல வரல."

"நேத்தா?"

"ஒருநாளும் வரல."

"ஏணி?"

"பொய்தான்."

"யானை கூடவா?"

"யானையும்தான்."

அவள் உதடு பிதுங்கியது. யானைக்காகத்தான் அழுதாள். அவன் முதுகைத் தடவினான், கையைத் தட்டிவிட்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"அப்போ யாரு வந்தா?"

"யாருமில்ல. ஒரு ரூம். நான் மட்டும் உக்காந்திருப்பேன்."

"அம்மா கூட இல்லையா?"

"இல்ல."

"பயமா இருக்குமா?"

பயமாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லடா. நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

வாண்டு அதை வாயில் போட்ட மிட்டாயை ஒதுக்குவதுபோல ஒருபக்கம் ஒதுக்கி யோசித்தாள்.

"அங்க வெள்ளம் வருமா?"

"வராது. மாடி."

"அப்போ நான் வர வேணாமா?"

"வேணாம்டா."

"வராட்டி திட்டுவியா?"

"திட்டமாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள், மூட்டையை இறக்கிவைத்த கூலியாள் மாதிரி. அவன் தோளில் சாய்ந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவன் தெருமுனை திரும்புவதற்குள் அவன் கழுத்தில் எச்சில் வழியத் தூங்கிவிட்டாள்.

வீட்டில் போட்டுவிட்டு வர முடியாது. கடைக்கே தூக்கி வந்தான். பின்னறையில் பிரேம் வந்த அட்டைப்பெட்டிகளைத் தள்ளி, எழுத்தக்காவின் சால்வையை விரித்துக் கிடத்தினான். அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு கண்ணாடி இருந்தது. மெஷினைப் போட்டால் எழுந்துவிடுவாளோ என்று தயங்கினான். போட்டான். லென்ஸ் கிறீச்சென்று கத்தியது. வாண்டு அசையவில்லை.

வலது எது, இடது எது என்று இரண்டுதரம் பார்த்துப் பொருத்தினான்.

வேலை முடித்து மனைவி நேரே கடைக்கு வந்தாள். டீச்சர் அவளுக்கும் போன் செய்திருந்தாள். வாசற்படியிலேயே, "என்னங்க இது, ராத்திரி வேலை?" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கனவில் வரும் அந்த அறையையும் சொன்னான்.

அவள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தபடி நின்றாள்.

"என் கனவுல தினமும் இவதான். சன்னலுக்கு வெளிய நின்னு டிக்கெட் கேட்டு அழறா, என்கிட்ட டிக்கெட் தீந்துபோச்சு. உங்களுக்காவது அங்க லீவு கிடைக்குது."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ராத்திரி முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஊரே உங்களை மெச்சுச்சு. நானும் மெச்சிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். எனக்கு மட்டும் நல்லா இருக்கா இது?"

அவன் மேஜையில் கிடந்த லென்ஸ் தூளைக் கையால் கூட்டினான். "இன்னைக்கு நான் பாத்துக்கறேன். நீங்க உள்ரூம்ல படுங்க, கதவைச் சாத்திக்கிட்டு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு என்று அவள் சொன்னது இரக்கமா, இடிப்பா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

கடை மூடும் நேரத்தில் வாண்டைத் தூக்கினான். அவள் கண்ணைப் பாதி திறந்தாள்.

"அப்பா, இன்னைக்கு நான் வரமாட்டேன்" என்றாள்.

"வர வேணாம்டா. தூங்கு."

தலையைச் சாய்த்துக்கொண்டாள். மனைவி பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கதவு சாத்திய உள்ரூம் தனக்காகக் காத்திருக்கிறது என்பதையும், அதை நினைத்துக் கால் தானாகவே வேகமெடுக்கிறது என்பதையும் அவன் உணர்ந்தான். பிள்ளை குலுங்காதிருக்க வேகத்தைக் குறைத்து நடந்தான்.