சிவப்பு மை படாத என் பக்கங்கள்

என்னுடைய இரண்டு கதைத்தொகுதிகளையும் வெளியிட்டது வவுனியாவில் உள்ள ஒரு சிறிய பதிப்பகம். அங்கே நீண்ட காலம் பதிப்பாசிரியராக இருந்தவர் அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். கண்பார்வை குறைந்து ஓய்வு பெற்ற பின், தன்னிடமிருந்த கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார். அவற்றை ஒழுங்குபடுத்தித் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார். எத்தனையோ பேர் இருக்க என்னைக் கேட்டாரே என்ற பெருமையோடு சனிக்கிழமைகளில் நெளுக்குளத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

அலுமாரி நிறையக் கோப்புகள். முதலில் என்னுடையதைத்தான் தேடினேன். மெல்லியதாக இருந்தது. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார். எனக்கு அது சந்தோசம். திருத்த ஒன்றுமில்லாமல் எழுதுகிறவள் என்று பலரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அடுத்த முறை, முல்லைத்தீவுப் பக்கத்து நாயாற்றுக்காரி ஒருத்தியின் கோப்பு கையில் வந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண், ஒரேயொரு நாவல் எழுதியவள். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரே அத்தியாயத்தையே ஐந்து தரம் எழுதியிருந்தாள். ஓரமெல்லாம் ரீச்சரின் சிவப்பு மை. 'கரைவலை இழுக்கும்போது யார் முன்னுக்கு நின்றது?' என்று ஓரிடத்தில். இன்னோரிடத்தில், 'நேற்று முழுக்க இந்தப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.'

என்னுடைய எந்தப் பக்கத்தை அவர் ஒரு நாள் முழுக்க நினைத்தார்? ரீச்சர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை மட்டும் உருவி என் கைப்பைக்குள் வைத்தேன்.

ஒரு கிழமை அது என் வீட்டில் கிடந்தது. எடுத்து எடுத்து வாசித்தேன். கிழிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவரிடம் கேட்டுவிட்டேன்.

"ரீச்சர், நாயாற்றுக்காரியின்ர எழுத்தில இவ்வளவு மினக்கெட்டிருக்கிறியள். என்ர கதையில ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் யோசிக்கவே இல்லை. "முதல் தொகுதியில ஒரு பந்தியை வெட்டச் சொன்னனான். நீர் மூண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை. பிறகு நான் எழுத்துப்பிழை மட்டும் பாத்தனான்."

அந்தப் பந்தி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது வாசித்தால் நானே தாண்டிப் போகிறேன்.

"அவளும் கோவிப்பாள்," என்றார். "அழுதும் இருக்கிறாள். ஆனா திருத்திக்கொண்டு வந்திடுவாள்."

கோப்புகளெல்லாம் நூலகத்துக்குப் போய்விட்டன. போன மாதம் புதிய கதை ஒன்றோடு ரீச்சரிடம் போனேன். எழுத்துத் தெரியவில்லை, வாசித்துக் காட்டும் என்றார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த மனுசிக்கு அயலில ஒருத்தரும் இல்லையோ?"

முகம் சுட்டது. சொல்ல வந்த பதிலை விழுங்கிவிட்டுப் பேனையைத் தேடினேன். இதே கதிரையில் நாயாற்றுக்காரி எத்தனை தரம் இருந்திருப்பாள் என்ற எண்ணம் அப்போதும் என்னை விடவில்லை.