மைக்கை யாருக்கும் தராதவள்

என் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் மைக்கக்கா. சுகாதார அலுவலகத்தின் அறிவிப்புகளைத் தெருத்தெருவாக வேனில் போய் வாசிப்பது அவள் வேலை. வேனை ஓட்டுவது நான். அலுவலகம் புதிதாகத் தந்த கம்பியில்லா மைக்கை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை தூசி தட்டப் போனேன். "கையை எடுடா, அது என் வாய்" என்றாள். அவள் வீட்டில் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவுவார்.

தட்டம்மை பரவத் தொடங்கியபோது அந்த வாயே அவளுக்கு வம்பை இழுத்து வந்தது. முதலில் வந்த தாளில், குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஊசி, அதற்கு முன் வேண்டாம் என்றிருந்தது. வாசித்தாள். அடுத்த வாரமே வேறு தாள்: ஆறு மாதமான குழந்தைக்கும் உடனே போட வேண்டும். அதையும் வாசித்தாள். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி கிடையாது. படித்தவர்கள்தானே எழுதுகிறார்கள், ஒரு வரி சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா? மாடியிலிருந்து ஒருவர், "அடுத்த வாரம் பிறக்கறதுக்கு முன்னாடியே போடணும்பீங்களா?" என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா சட்டை செய்யவில்லை.

அவளை உலுக்கியது சொந்த மகள். மகளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. அவர்கள் கட்டடத்திலேயே கீழ்வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டிருந்தது.

"ஒன்பது மாசம்னு சொன்னது உன் வாய்தானேம்மா? இப்ப ஆறுங்கறதும் அதே வாய்தான். எதை நம்பி என் பிள்ளைக்கு ஊசி போடச் சொல்ற?"

அக்கா அந்தத் தாளை எடுத்து, காரணம் எங்காவது இருக்கிறதா என்று முன்னும் பின்னும் புரட்டினாள்.

மறுநாள் மகள் வீட்டுத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா தாளை மடித்து என் சட்டைப்பையில் திணித்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"போன வாரம் ஒன்பது, இந்த வாரம் ஆறுன்னு வாசிச்சது நான்தான். ஏன்னு நான் கேக்கல. இப்ப கேக்கப்போறேன். உங்களுக்கும் கேக்கணும்னா இறங்கி வாங்க."

உள்ளே போய் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்கு அழைத்து வந்தாள். ஜன்னல்கள் திறந்தன. முதலில் வந்தது மகள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அக்கா மைக்கை அவளிடம் நீட்டினாள். என் கண்ணையே நான் நம்பவில்லை.

"ஏன் மாத்துனீங்க?" என்று மகள் கேட்டது தெரு முழுக்க ஒலித்தது.

டாக்டரம்மா மைக்கருகே குனிந்தார். "அம்மாகிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாசத்துல முழுசாப் போயிருக்காது. அது தடுக்கறதால ஊசி அவ்வளவா வேலை செய்யாது. சாதாரண நாள்ல ஒன்பது வரைக்கும் காத்திருக்கறது அதுக்குத்தான். இப்ப நோய் வாசலுக்கே வந்துருச்சு. கொஞ்சம் வேலை செஞ்சாலும் லாபம்னு இதைக் கூடுதலாப் போடறோம். ஒன்பது மாசத்து ஊசியையும் விடக்கூடாது. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு."

"காய்ச்சல் வருமா?"

"சில பிள்ளைங்களுக்கு வரும். வந்தா என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சண்டை போடப்போறேன்?" என்றபடி மகள் உள்ளே நடந்தாள். மைக் அவள் கையிலேயே இருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது வேனின் ஒலிபெருக்கியில் கேட்டது. மொட்டைமாடிப் புறாக்கள் பறந்துபோயின. தெருவே நின்று கேட்டது. நாலைந்து மூச்சு அழுகை, ஒரு விக்கல், பிறகு மகளின் குரல்: "அவ்ளோதான்டா ராஜா, முடிஞ்சுது." குழந்தை மழலையில் யாரையோ திட்டியது.

அன்று கேலி செய்த மாடிக்காரர் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பல கதவுகள் திறந்தன.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் நீ கத்தி இவ்வளவு கூட்டம் வந்ததில்லையேக்கா" என்றேன்.

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா."