குதிரைவாலுக்கு ஒரு கும்பிடு

என் தாய்மாமா திருத்தணி டெண்ட் கொட்டகையில் சுவரொட்டி ஒட்டுகிறவர். ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்கள் அவை; பிலிமுக்கே பஞ்சம். ஆபரேட்டர் வெட்டி எறியும் துண்டுகளைப் பொறுக்கிவந்து, ஊசியால் கீறி, தறிச் சாயம் பூசி, ஒட்டிச் சேர்த்துத் தானே ஒரு படம் செய்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்பிப் பாய்ச்சி, தண்ணீர் நிரப்பிய பல்புக்குப் பின்னால் பிலிமை இழுத்தால் சுவரில் படம் ஓடும். தலையும் கிடையாது, வாலும் கிடையாது. "பைத்தியம் முத்திப்போச்சு" என்று அம்மா தலையிலடித்துக்கொள்வாள். இதனாலேயே மாமாவுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. எனக்கோ அது உயிர். கதை எங்கோ ஒளிந்திருக்கிறது, பார்க்கப் பார்க்கப் பிடிபடும் என்று நம்பியிருந்தேன்.

பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருவர் மலைக்குச் சாமி கும்பிட வந்த சாக்கில், மகளையும் அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க வந்தார். படத்தைப் பற்றி மூச்சுவிட்டால் முதுகுத்தோலை உரித்துவிடுவதாக அம்மா எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். பலகாரத்தை முடித்தவர், "மாப்ள வேற இன்னா பண்றாரு?" என்று கேட்டாரோ இல்லையோ, "எங்க மாமா சொந்தமா படம் வச்சிகினு இருக்காரு!" என்று நான் கத்திவிட்டேன். ஏழு வயசுக்காரிக்கு அடக்கம் எங்கிருந்து வரும்?

காட்டித்தான் ஆகவேண்டும் என்றார் அவர். முதலில் பாதி ராஜா வந்தார். பின்னாலேயே மாமா சாயத்தில் இழுத்த சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து ஓடியது. அப்புறம் வேலும் கையுமாக முருகன். பெரியவர் பயபக்தியோடு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறப்பதற்குள் முருகன் போய்க் குதிரைவால் வந்துவிட்டது.

"குதிர வாலுக்கா கன்னத்துல போட்டுக்கினேன்? இதுல கத எங்கய்யா?"

"கத இல்லிங்க. சும்மா பாக்கறதுக்குத்தான்" என்றார் மாமா.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்றாவதும் போச்சு, அதுவும் என் வாயால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை வாயே திறக்காத பெண் அப்போதுதான் பேசினாள்.

"நைனா, குந்து. அந்தச் செவப்புக் கோடு இன்னொரு தபா வரட்டும்."

மூன்று தபா வந்தது. தை மாதம் கல்யாணமும் ஆயிற்று.

அத்தை வந்த மறுவாரமே அவளைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ராஜா கடசில இன்னா ஆனாரு?" என்று கேட்டேன்.

"ஆங், அது யாருக்குடி தெரியும்?" என்றாள்.

அவளும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கதை இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லாமல் ஒளிக்கிறார்கள் என்று அன்று பூராவும் அவர்களோடு டூ விட்டிருந்தேன்.